நாக்கில் நனைத்த நூல்

ராக்கெட்டுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களே, நமக்கு அதனால் என்ன வந்தது என்று கேன்டீனில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசியவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்து பாதி லைனை மூடிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் விண்வெளித் துறைக்குப் பொருள் செய்து தரும் ஒரு கம்பெனி, செயற்கைக்கோள்மேல் போர்த்தும் வெப்பத் தடுப்பு உறையைத் தைத்துத் தருவீர்களா என்று கேட்டு வந்தது. மாதிரி தேறினால் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை நிலைக்கும். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு எல்லோரும் வீட்டுக்கு.

மாதிரி தைக்கத் தூசி புகாத கண்ணாடி அறை, தொப்பி, கையுறை, மாஸ்க். ஊசி கோக்க நூல் முனையை நாக்கில் நனைப்பது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். துளி எச்சில் பட்டாலும் மேலே போனதும் ஆவியாகி கேமரா கண்ணாடியில் படிந்துவிடுமாம். நாக்கில் வைக்காதீங்கடி என்று ஒரு வாரம் தொண்டை வற்றக் கத்தினேன். அதிகம் திட்டு வாங்கியவள் பேரணாம்பட்டிலிருந்து வருபவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

சோதிக்க வந்த அதிகாரி விளக்குகளை அணைத்துவிட்டு, கையிலிருந்த, கறை காட்டும் நீல விளக்கைத் தையல்மேல் மெல்ல நகர்த்தினார். கடைசி மூலையில் ஒரு திட்டு வெளிறித் தெரிந்தது.

"எச்சில். யார் தைச்சது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளே நம்பிவிட்டாள்.

"நானாதான் இருக்கும் சார். என்னை நிறுத்திடுங்க, மத்தவங்கள அனுப்பிடாதீங்க." தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

அந்த மூலை என்னுடையது. அவள் தையல் கோணல் என்று முந்தின நாள் பிரித்து நானே தைத்தேன். நூல் ஏறவில்லை, மாஸ்க்கை இறக்கினேன். ஊருக்குத்தான் உபதேசம். இது நினைவுக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டு வாடகையை நினைத்தேன், பயந்தேன். அவள் கை கதவில் பட்டது.

"நில்லுடி. சார், அது நான் தைச்சது."

இன்னொரு மாதிரிக்கு அனுமதி தந்தார். என்னை மட்டும் அந்த அறைக்குள் விடக்கூடாது என்றார். ஆர்டர் வந்தது. இன்று அவள்தான் உள்ளே சூப்பர்வைசர். நான் வெளியே பெட்டி ஒட்டுகிறேன். நல்ல மனசு என்று எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். அவள் மட்டும் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில், கோபமே இல்லாமல் கேட்டாள்:

"நான் கதவாண்ட போற வரைக்கும் இன்னாக்கா யோசிச்சிட்டு இருந்தீங்க?"