தம்பியின் பெருநாள் சட்டை

நண்பர்களே, இன்று காலை ராயபுரத்துத் தையற்கடையில் பேப்பர் வாசிக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

நான் காலேஜில் அரசியல் படிப்பது தெரிந்த நாள் முதல், பாய் கடையில் தினசரியை உரக்க வாசிப்பது என் வேலையாகிவிட்டது. பாய் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பார்.

கிழக்கு பாகிஸ்தானுக்குப் போய்வரவும் இனி பாஸ்போர்ட், விசா வேண்டியிருக்கும் என்று வாசித்தேன். மிஷின் நின்றது.

"இன்னா நைனா, சிட்டகாங்குல கீற என் தம்பிக்குமா?"

"ஆமா பாய். சட்டப்படி அவர் இப்போ வெளிநாட்டுக்காரர்."

நேற்று வகுப்பில் எழுதியதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

"நாடு பிரியறதுக்கு முன்னாடியே அவன் ஹார்பர் வேலைக்குப் போனான். அப்போ அது வேற நாடா? பெருநாளுக்குப் பெருநாள் வூட்டுக்கு வந்துகினுதானே கீறான்?"

சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொள்ள வந்திருந்த வாடிக்கையாளர் என்னிடம், "அரசியல் படிக்கிறியே, மந்திரி யார்கிட்டயாவது சொல்லேன்" என்றார். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் என் பேராசிரியர் ஒருவர்தான். அவருக்கும் என்னைத் தெரியாது.

பாய் மிஷினில் இருந்த வெள்ளைச் சட்டையை மறுபடி நகர்த்தினார். பெருநாளுக்குத் தம்பிக்கு அவர் தைக்கும் சட்டை அது. தம்பி சட்டைக்கு மட்டும் பாய் டேப் எடுப்பதில்லை. அளவு கைக்கே தெரியும்.

நாளைய பரீட்சையில் 'அந்நியர்' என்பவர் யார் என்று எழுத வேண்டும். விடை மனப்பாடம்தான். பாய் கடையைத் தாண்டாமல் காலேஜுக்குப் போக வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.