மேற்கே போகப் போக ஏறிய உப்பு

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியத் தொடங்கியது. உப்பு எங்கிருந்து வருகிறதென்று பார்க்க தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். அம்மா மட்டும், "நம்ம தண்ணிக்கு என்ன கேடு?" என்று அதையே குடித்தாள்.

மேற்கே, மேட்டை நோக்கித் தோட்டம் தோட்டமாக நடந்தேன். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "எங்களுது பரவால்லீங்க. மேக்கால தோட்டத்தைப் பாருங்க." நிலத்தின் விலை விழுந்துவிடுமென்று புளுகுகிறார்கள் என எரிச்சல்பட்டேன். அவர்கள் புளுகவில்லை. மேற்கே போகப் போக மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

கடைசித் தோட்டம் என் தாய்மாமனுடையது. வற்றிப்போன அவருடைய போர்வெல்லுக்குள், பக்கத்துச் சாயப்பட்டறையின் சுவருக்கடியிலிருந்து வந்த கழிவுக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. மீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலேயே அவர் கிணற்றில் ஒரு வாளி இறைத்தேன். எனக்குத் தாகமென்று நினைத்துவிட்டார் போலும். மாமா ஒரு சொம்பில் கேன் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"அய்யோ, அதை வாயில வெச்சுப்போடாதீங்க மாப்ள!"

பொங்கல் நோம்பிக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். தன் தங்கையிடம், என் அம்மாவிடம், இந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னதே இல்லை.