பின்னல் சுருட்டு

எங்கள் ஐயா பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தியிலிருந்து தப்ப ஒரு வழி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. வகுப்பில் கணக்குக்கு முதல் ஆள் என்பதால், உலகத்தில் எல்லாமே கணக்குத்தான் என்ற எண்ணம்.

எண்பத்தைந்தில் அண்ணன் ஜெர்மனிக்கென்று கொழும்பில் விமானம் ஏறினார். இரண்டு மாதமாகியும் கடிதம் இல்லை. கடிதம் வரும்வரை நாளுக்கு ஒரு சுருட்டுத்தான் என்று ஐயா கோவிலில் நேர்ந்துவிட்டார். அதுவரை ஆறு குடித்தவர். இரண்டு கிழமைக்குள் தண்ணீர் இறைக்கும் இயந்திரம், ஆடு, நான் என்று எல்லோரும் ஏச்சு வாங்கினோம்.

அம்மாவின் தம்பி சண்டிலிப்பாயில் ஒரு கொட்டிலில் சுருட்டுச் சுற்றுபவர். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவிடம் கேட்டேன்:

"ஐயா ஒரு சுருட்டு எண்டுதானே நேர்ந்தவர்? எவ்வளவு பெரிசெண்டு சொல்லேல்லையே?"

மாமா தொடையில் தட்டினார். "எடியே, நீ கோட்டிலை வாதாடுற அப்புக்காத்தாகத்தான் வரப்போறாய்!"

அடுத்த ஞாயிறு ஒரு பொதியோடு வந்தார். மூன்று நீளச் சுருட்டுகளை ஈரம் காயமுன் என் தலைமயிரைப் போலப் பின்னி, வாய்ப்பக்கத்தை ஒரே இலையால் சுற்றி ஒட்டியிருந்தார். ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

சாப்பிட்டபின் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். பற்றவைப்பதே பெரும்பாடு. ஒரு புரி பிடித்தால் மற்றது அணைந்தது. ஐந்து நெருப்புக்குச்சி போனபின் மூன்றும் பிடித்தன. இழுக்க இழுக்க ஐயாவின் கன்னம் குழிந்ததே தவிர, புகை வாய்க்கு வரவில்லை. பின்னலின் இடுக்குகளால் வெளியே போனது.

"அத்தான், அதாலை போகுது, பொத்துங்கோ! உதில்லை, மற்றது!" என்று மாமா பக்கத்தில் குந்தியிருந்து நடத்தினார். ஐயா நாதசுரக்காரர் போல விரல்களை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் மூன்று சுருட்டின் காரமும் ஒன்றாக உள்ளே இறங்கியது. இருமிய இருமலில் கதிரை ஆடியது.

"சோக்காத்தான் இருக்கு" என்றார், மூச்சு வந்தபின்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். "எத்தினை உது?"

"ஒண்டு" என்றோம், நானும் மாமாவும்.

"பிள்ளையாருக்கு எண்ணத் தெரியாதெண்டோ நினைச்சியள்? பிள்ளை எங்கை கிடக்கிறானோ..."

அம்மா முடிக்காமலே உள்ளே போய்விட்டார். ஐயா சுருட்டை மணலில் குத்தி அணைத்தார்.

அடுத்த நாள் அவர் சுருட்டே தொடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"ஐயா, மூண்டிலை ஒரு பங்குதானே எரிஞ்சது? கணக்குப் பார்த்தால் நீங்கள் குடிச்சது ஒண்டுதான்" என்று விளக்கினேன்.

"நீ போய்ப் படி பிள்ளை."

எனக்கு உள்ளூரப் பயம் பிடித்தது. கடிதம் வராவிட்டால் அது என் கெட்டித்தனத்தால்தான்.

ஒன்பதாம் நாள் படலையில் தபாற்காரரின் மணி கேட்டது. நீல விமானக் கடிதம். ஐயா என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். அண்ணன் சுகம். ஒரு முகாமில் இருக்கிறார். சரியான குளிர். அகதி வழக்கு முடியும்வரை எங்கும் போக முடியாது. ஊருக்கு வர எத்தனை வருடமாகுமோ தெரியாது. பின்னேரம் மாமா சைக்கிளில் வந்திறங்க, அவருக்கும் வாசித்தேன். எனக்கோ பரீட்சையில் தப்பிய சந்தோஷம்.

மாமா நேரான, நல்ல சுருட்டொன்றை நீட்டினார். "நேர்த்தி முடிஞ்சுது அத்தான். இனி ஆசைதீரப் பத்துங்கோ."

ஐயா வாங்கி மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கடிதம் மட்டும்தானே வந்தது" என்றார்.

நான் அவசரப்பட்டு வாசித்ததில் ஐயாவுக்கு ஏதோ விளங்காமல் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். கடிதத்தை விரித்து, முதல் வரியிலிருந்து, இன்னும் உரத்து வாசிக்கத் தொடங்கினேன்.