பிரசிடென்ட் கையெழுத்துப் போடாத ஃபாரம்

ஜெகாவுக்கு வீரப் பதக்கம். நேற்று காலை டி.வி.யில் பெயர் வாசித்தார்கள்... வாங்கிக்கொள்ள அவன் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் எல்லையில் நடந்த சண்டை. அடிபட்ட இரண்டு பேரை இழுத்து வந்து போட்டுவிட்டு, மூன்றாவது ஆளைத் தூக்கப் போனவன் திரும்பவில்லை. இருபத்து நாலு வயசு. என்கூடப் படித்தவன்.

ஆர்மி செலக்‌ஷனுக்காக திருத்தணி மலைப்படியில் விடியற்காலையில் ரெண்டு பேரும் ஓடுவோம். நான் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். அவன் மேலே போய் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்து, "ஏந்திரிடா, மறுபடி ஏறலாம்" என்பான்.

எனக்குக் கிடைக்கவில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராகிவிட்டேன்.

அவனுக்கும் முதல் வருடம் வாய்ப்பு போய்விட்டது. ஏன் என்று யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நன்னடத்தைச் சான்றிதழில் எங்கள் ஊர் பிரசிடென்ட் கையெழுத்து வேண்டும். நான்தான் டைப் பண்ணி, அவன் போட்டோவை ஒட்டிக் கொடுத்தேன். நாலு நாள் அவர் வீட்டு வாசலில் நின்றோம்.

நாலாவது நாள் வெளியே வந்தார். "உங்கம்மா இப்பல்லாம் நம்ம கரும்புத் தோட்டத்துக்கு வர்றதில்லியாமே? நாளைக்கு வரச்சொல்லு. அப்பால போட்றேன்."

நாலு பேர் எதிரில் இவர் அசிங்கமாகத் திட்டினார் என்றுதான் அந்த அம்மா அங்கே போவதையே நிறுத்தியிருந்தார்.

ஜெகா ஃபாரத்தை வாங்கி மடித்தான். "எங்கம்மா அந்த வரப்ப மிதிக்க மாட்டாங்க." அவ்வளவுதான். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அடுத்த எலெக்‌ஷனில் ஜெயித்த அக்கா, பைக் சீட் மேலே வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பழைய ஃபாரம் என்னிடமே இருந்தது. லீவில் வந்தவன் கடை டிராயரில் அதைப் பார்த்துவிட்டான். "இன்னுமா வெச்சினுகிற? கிழிச்சிப் போட்றா. நான் அப்பவே மறந்துட்டேன்."

நான் மறக்கவில்லை.

நேற்று மதியம் அந்த மாஜி பிரசிடென்ட் கடைக்கு வந்தார். மறுபடி நிற்கப் போகிறாராம். பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஃப்ளெக்ஸ் வேண்டுமாம்.

"எம் போட்டோ பெருசா போடு. ஜெகா பையனோடது மேல ரவுண்டுல சின்னதா. கீழ 'நான் வளர்த்த பிள்ளை'ன்னு எழுதிடு."

"ஆங்... போட்றேங்க" என்றேன்.

சுட்டவனை ராணுவம் பார்த்துக்கொள்ளும். இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஜெகா அம்மாவிடம் போய் ஃபாரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மகன் போட்டோவை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அழவில்லை.

"பெருசா போடு நைனா. பஸ்ல போறவனுக்கும் தெரியணும்" என்றார்.

இன்று காலை கட்டிவிட்டேன். அவர் கேட்ட அதே இடம், அதே சைஸ், பத்துக்கு எட்டு. வேலை போனால் போகட்டும்.

அவர் முகம் அதில் இல்லை. அந்த ஃபாரம்தான். மேலே மீசை முளைக்காத ஜெகா. நடுவில், "இவர் நன்னடத்தை உள்ளவர் எனச் சான்றளிக்கிறேன்." கீழே, "ஊராட்சி மன்றத் தலைவர்." ஊர் பேரும் தேதியும் தெளிவாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

தலைவரே... திருப்பதி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறது. வந்து இப்பவாவது போடுங்க.

ஜெகா, கிழிச்சிப் போடச் சொன்ன... கிழிக்கலடா.

போய்ட்டு வா.