இறக்கையில் இருந்த புள்ளிகள்

போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானை அமுக்கினேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். பார்வை இல்லாதவர்கள் தடவிப் படிப்பதற்காம். விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். கூட வந்த மகள், "ஷாக் அடிச்சிதா நைனா?" என்றாள். இல்லை என்றேன். அவளிடம் அதற்கு மேல் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் கார் பெயின்டர். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் மெயின்ரோடு ஓரம் ஒரு ஷெட்டில் வேலை. நானும் டிங்கர் ராஜியும். அவன் நெளிசல் எடுப்பான். நான் பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடிப்பேன். பெயின்டை இளக்கும் தின்னர் வாசனை சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் பாதி நாள் காலியாகவே வரும். காலை நீட்டிக்கொள்ள வசதி.

மாமல்லபுரம் டூரிஸ்ட் கார்கள்தான் அதிகம் வரும். உப்புக் காற்றில் கதவுக்கு அடியில் பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கும். ஒன்றை விட்டுவைத்தாலும் அடுத்த மாசம் பத்தாகும். அதனால் கையில் தட்டுப்படுவது எதுவானாலும் தேய்த்துவிடுவேன். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பேன். கை எங்கேயும் தட்டி நிற்கக் கூடாது. அதில் எனக்குத் திமிர் உண்டு. ஆறாவதோடு நின்றவனுக்குத் திமிருக்கு வேறு இடம் ஏது.

ஒரு நாள் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி வந்தார். கையில் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஏரோப்ளேன். வீட்டுக்காரர் செய்தது என்றார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவராம். இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

பாகம் பாகமாய் ஒட்டிச் செய்கிற செட், வாங்கி இருபது வருஷமாம். இப்போது எங்கேயும் கிடைக்காதாம். பெட்டியில் வந்தது ஒரே ஆள் ஓட்டும் விமானம். அவர் வேலை பார்த்ததோ இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தில். அதனால் உடம்பை நடுவில் அறுத்து, பிளாஸ்டிக் ஸ்கேலை வெட்டி ஒட்டி நீட்டி, இன்னொரு சீட் வைத்துத் தன் விமானமாகவே மாற்றியிருந்தார். பெயின்ட் அடிப்பதற்குள் போய்விட்டார். வருஷத் திதிக்குப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், வெள்ளி கலர் வேண்டும் என்றார் டீச்சர்.

"பெயின்ட் மட்டும் போதும் தம்பி. அவர் செஞ்சது எதையும் மாத்திடாதீங்க."

டீச்சர் கிளம்பியதும் ராஜி ஆரம்பித்தான். "இன்னா அண்ணாத்த, எஃப்.சி.க்கு இத்த எந்த ஆர்.டி.ஓ.வாண்ட எட்த்துகினு போவ?"

தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் தின்னர் கலக்காத எனாமல் பெயின்ட் சின்ன டப்பா வாங்கி வைத்தேன். அவ்வளவு கவனம். பெயின்டுக்கு முன்னால் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். இறக்கை முழுக்க, உடம்பு முழுக்க நறநறவென்று தட்டுப்பட்டது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வாளியில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ராஜி எட்டிப் பார்த்தான். "அத்த இன்னாத்துக்குத் தேய்க்கற? வரிசையா கீது பாரு."

"தூசி."

"தூசி இன்னா லைன் கட்டியா வந்து குந்தும்?"

டிங்கர் எனக்குச் சொல்ல வந்துவிட்டானா என்று இருந்தது. வரிசையை நானும் பார்த்தேன். பார்த்த பிறகும் தேய்த்தேன். வாளித் தண்ணீர் சாம்பல் நிறமானது. வாசல் கால்வாயில் ஊற்றினேன்.

வெள்ளி அடித்ததும் கண்ணாடி மாதிரி இருந்தது. டீச்சர் வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு விரலை இறக்கை மேல் மெதுவாக ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

"இங்க புள்ளி புள்ளியா இருக்குமே தம்பி. ரிவெட்டு ஆணி. ஏர்ஃபோர்ஸ்ல நெஜ விமானத்துல அவர் கையால அடிச்சது எங்கெங்கன்னு ஞாபகம் வெச்சு, குண்டூசி முனையில பசை தொட்டுத் தொட்டு வெச்சார். மூணு மாசம், தெனம் சாயங்காலம்."

ராஜியின் சுத்தியல் சத்தம் நின்றது.

"பெயின்ட் ஏறினா மூடிக்கும் டீச்சர்," என்றேன்.

"அப்ப உள்ள இருக்கும்ல?"

"இருக்கும்."

தலையாட்டினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ராஜி என்னைப் பார்த்தான், சுத்தியலை எடுத்துத் திரும்பத் தட்ட ஆரம்பித்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொல்லிவிடலாம் என்று நான்கு வருஷம் கழித்துத் திருக்கழுக்குன்றம் போனேன். நான்கு வருஷம். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. டீச்சர் தன் அண்ணன் இருக்கும் ஊருக்கே போய்விட்டாராம். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரோடு அகலமானபோது ஷெட் போனது. ராஜி போய்ச் சேர்ந்தான். வாசல் கால்வாய் மேல் சிலாப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் புள்ளிகள் இப்போது எங்கேயும் இல்லை. டீச்சர் இருந்தால், அவர் மட்டும் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இறக்கையைத் தடவி, உள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.