காலை எட்டே முக்கால், மரண அறிவிப்பு

தெற்கு டகோட்டாவில் எங்கள் ஊர் வானொலியில் இருபத்தாறு வருடம் காலை நிகழ்ச்சியை நடத்தியவள் ஆர்லிஸ் பிராண்ட்வோல்ட். நான் அதே நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிறவன். விதைக் கடைக்காரனிடமும் டிராக்டர் கடைக்காரனிடமும் பல்லைக் காட்டி வயிறு வளர்த்தவன். அவள் கதையைச் சொல்ல வேறு ஆள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அவள் குரல் தேன் குரல் என்றெல்லாம் புளுக மாட்டேன். கரகரப்பான குரல். ஆறு மணிக்குத் தானிய விலை, வானிலை, பனியால் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்ற செய்தி. ஏழரைக்கு ஊர்க்காரர்கள் போன் போட்டுப் பழைய ஃபிரிட்ஜையும் நாய்க்குட்டியையும் விற்பார்கள். எட்டே முக்காலுக்கு மரண அறிவிப்பு. யார் போனார்கள், எந்தச் சர்ச்சில் அடக்கம், எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு சாப்பாடு உண்டா என்பது வரை சொல்லுவாள். அந்த ஏழு நிமிடமும் பண்ணைகளில் யாரும் இன்ஜினைக் கிளப்ப மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகை புதன்கிழமை மட்டும்தான் வரும், சாவு புதன்கிழமை பார்த்தா வருகிறது? முந்தின நாள் சாயங்காலமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆர்லிஸ் போன் செய்து, "அவர எல்லாரும் என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக்கொள்வாள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாசிப்பாள்.

நிலையத்தின் சொந்தக்காரர் லைல். குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் வெயில் காய்கிறவர். அங்கே உட்கார்ந்தபடியே தெற்கத்தி நிறுவனம் ஒன்றுக்கு நிலையத்தை விற்றுவிட்டார். இருபத்து நாலு மணி நேரமும் கிறிஸ்துவப் பாட்டு, நானூறு ஊருக்கும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. வெள்ளிக்கிழமை ஆர்லிஸுக்குக் கடைசி நாள், திங்கட்கிழமை முதல் மாற்றம் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது.

இதில் ஆர்லிஸுக்கு வாய்விட்டுப் புலம்பக்கூட வழியில்லை. அவளே லூத்தரன் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். எங்கே போய் என்ன சொன்னாலும் கடவுளுக்கு எதிரி மாதிரி பார்த்தார்கள். காப்பிக் கடை நடத்தும் டார்லா கேட்டாள்:

"ஏசு பாட்டுதானே போடப் போறாங்க? நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஏசுவுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்ல டார்லா. ஆனா பனி கொட்டுனா ஸ்கூல் லீவான்னு அவரு வந்து சொல்லுவாரா?"

கடையே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவன்கூட லைலுக்கு ஒரு போன் போடவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்த வாரம் டெல்மர் க்ரூகன்பர்க் செத்துப்போனார். நாற்பது வருடம், பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து ஊரார் வீட்டு வாசல்களில் பனியை ஒதுக்கிக் கொடுத்த மனுஷன். ஒரு கப் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றால்கூட அடுத்த வீடு காத்திருக்கிறது என்று கிளம்பிவிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அடக்கம் என்று வியாழன் காலை ஆர்லிஸ் வாசித்தாள். சாயங்காலம் பெரும் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. ரோடு அடைபடுவதற்குள் டெல்மரின் மனைவி லியோனாவை மகன் தன் ஊருக்கு அழைத்துப்போக வேண்டும். அடக்கத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றிவிட்டார்கள். லியோனா உடனே ஆர்லிஸுக்குப் போன் செய்தாள்.

"எல்லாருக்கும் சொல்லிருவல்ல?"

"எட்டே முக்காலுக்குச் சொல்லிர்றேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. நீ போய்ப் படு."

மறுநாள் காலை நான் வெளி அறையில் இருந்தேன். சுவரில் ஒரு ஸ்பீக்கர் உண்டு, ஊருக்குப் போகிற ஒலிபரப்பு அதில் கேட்கும். எட்டு நாற்பதுக்கு அதில் கிட்டார் பாட்டு ஆரம்பித்தது. ஆர்லிஸ் ஏதோ பாட்டுப் போடுகிறாள் என்று நினைத்தேன். அது முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், காதில் ஹெட்ஃபோனோடு, விரலைத் தாளில் வைத்து அவள் வாசித்துக்கொண்டிருக்கிறாள்! ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஹெட்ஃபோனில் அவளுக்குக் கேட்பது மேஜை மேல் இருக்கும் ஒலிக்கருவி வழியாக வரும் அவள் குரல்தான். வெளியே என்ன போகிறது என்று அதில் தெரியாது. ஊருக்கு வெளியே இருக்கும் ஒலிபரப்பு டவரில் எவனோ ஒயரை மாற்றிவிட்டிருக்கிறான். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மைக் மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆர்லிஸ் நிமிர்ந்து பார்க்காமலேயே ஒரு கையைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த நிலையத்தில் எனக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். நானும் மடையன் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். "டெல்மர் க்ரூகன்பர்க் அடக்கம் ரெண்டு மணிக்கு இல்லீங்க, பதினோரு மணிக்கு. மறுபடியும் சொல்றேன், பதினோரு மணிக்கு" என்று அவள் நிறுத்தி நிதானமாக வாசித்ததை இந்த உலகத்தில் கேட்டது நான் ஒருவன்தான்.

விளக்கை அணைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன ராய்ஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

"நீ பேசுனது எதுவும் வெளிய போகல ஆர்லிஸ்."

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைக் கேட்டாள்.

அரிசோனாவுக்குப் போன் போட்டாள். லைல் மென்று விழுங்கினார். "கடைசி நாள்ல யாருக்கும் மைக் குடுக்கறதில்ல ஆர்லிஸ். இந்தத் தொழில்ல அதான் வழக்கம். நீ கோவத்துல ஏதாவது பேசிட்டா..."

"இருபத்தாறு வருஷத்துல நான் என்னத்த தப்பாப் பேசினேன் லைல்? சாவுச் செய்தியத்தான வாசிச்சேன்!"

அவர் வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு டவரிலிருந்து அந்த நிறுவனத்து ஆள் வந்தான். பெயர் கர்ட், ஐம்பது வயசு. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். நல்லவனாகத் தொலைந்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு மேடம். ஆனா நிகழ்ச்சி பூராவும் சாட்டிலைட்ல வருது. இங்கேருந்து நடுவுல பேச வழியே இல்ல, நானே நெனச்சாலும் முடியாது. நாம சேர்ந்து ஜெபிக்கலாமா?"

"ஜெபம் அப்புறம். பழைய ஒயர முப்பது நிமிஷம் திரும்ப மாட்டுங்க."

"எனக்கு அதிகாரம் இல்ல மேடம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் நிஜமாகவே கண்ணை மூடிவிட்டான். ஆர்லிஸ் கையை உருவிக்கொண்டு டெலிபோன் புத்தகத்தை எடுத்தாள்.

ஆளுக்கொரு போனில் இருவரும் உட்கார்ந்தோம். புயல் வருகிறதென்று ஊரில் பாதிப் பேர் மாட்டுக்குத் தீனி போடக் கொட்டகையில் இருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. காப்பிக் கடைக்கும் விதைக் கடைக்கும் நான் நேரில் ஓடினேன். இத்தனை செய்தும் பதினொரு மணிக்குச் சர்ச்சில் இருந்தவர்கள் எங்களையும் சேர்த்துப் பதினேழு பேர். இருநூறு பேருக்குச் சாண்ட்விச் செய்து வைத்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது லியோனா காலி பெஞ்சுகளைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷம் எல்லா வாசலையும் சுத்தம் பண்ணாரு."

"லியோனா, ரேடியோவ நிறுத்திட்டாங்க. நான் வாசிச்சது யாருக்கும் போய்ச் சேரல."

"பரவால்ல ஆர்லிஸ். வரணும்னு இருந்தா வந்திருப்பாங்க."

அவள் நம்பவில்லை. மகன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஆர்லிஸ் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். பனி விழ ஆரம்பித்த பிறகும் சர்ச் படியிலேயே நின்றாள்.

ஒன்றே முக்காலுக்கு முதல் கார் வந்தது. பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன, விளக்கைப் போட்டுக்கொண்டு, பனியில் ஊர்ந்து ஊர்ந்து. நல்ல கோட்டும் டையுமாக இறங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் ஆர்லிஸ் அடக்கம் முடிந்துவிட்டது என்று சொன்னாள். ஒவ்வொருவரும் அவளைத்தான் ஏசினார்கள்.

"காலையிலேர்ந்து ரேடியோவ வச்சுக்கிட்டே உக்காந்திருந்தோம். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?"

"பாட்டா பாடித் தள்ளுனான். நீ பாதியில எந்திரிச்சுப் போயிட்டன்னு நெனச்சோம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வாயெடுத்தேன். ஆர்லிஸ் என்னை முறைத்தாள். வந்தவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா உறைந்து மக்கர் பண்ணியது. என் பென்சிலைக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து லியோனாவின் மகன் வீட்டுக்குப் போன் செய்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"லியோனா, நான் ஆர்லிஸ். எதுவும் பேசாத, கேளு. ரெண்டு மணிக்கு வந்தவங்க இவங்க."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெயரின் கீழே விரலை வைத்து வாசித்தாள். எட்டே முக்காலுக்கு வாசிக்கிற அதே குரல், அதே நிதானம். ஹாரல்ட் ஓல்சன். மேவிஸ் ஓல்சன். டுவெய்ன் ஷ்மிட், ரெண்டு மகன்களோடு. நூற்று நாற்பத்து மூன்று பேர்.

"அவ்வளவுதான் லியோனா."

லியோனா மூக்கை உறிஞ்சினாள். அவள் பேசியது எதிரே இருந்த எனக்கே கேட்டது.

"மொதல்லேர்ந்து வாசி, ஆர்லிஸ். என் மகனையும் கூப்பிடுறேன்."