தேவதாசன் தண்ணீர் ஊற்றிய கூரை

பாளையங்கோட்டையில் அந்த வாசகசாலைக்கு நாளொன்றுக்கு நான்கைந்து பேர் வந்தால் அதிகம். காவலாளி தேவதாசனுக்கு அறுபத்து நான்கு வயது. மனைவி இறந்தபின் அதன் பின்னறையிலேயே தங்கிவிட்டார். மகள் ஷார்ஜாவில். அங்கே படிக்கப் போகும் நான் ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் கேட்பார்: "அங்கனல்லாம் கூரை எப்படிம்மா போடுதாவ?"

தன் கூரையைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. ஊரே மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கி மாடி போட்ட காலத்தில், 1927-இல், கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றியது அது. விழுந்துவிடும் என்று பயந்து திறப்பு விழா அன்று பாதிப் பேர் உள்ளே வரவில்லையாம்.

இளவயதில் கட்டட வேலைகளில் புதுக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் தேவதாசனின் வேலை. இங்கே வந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. கோடைதோறும் மாடியில் சாந்தால் பாத்தி கட்டி, வாளி வாளியாகச் சுமந்து தண்ணீர் நிறுத்துவார். முப்பத்தொரு கோடை.

"என்ன வே, மாடியில நாத்து நடப் போறீரா?" என்பார் தினமும் பேப்பர் படிக்க வரும் ஜாபேஸ் வாத்தியார்.

"கான்கிரீட்டு குடிக்கும் வே. குடிச்சாத்தான் இறுகும்."

பங்குனியில் காரை பெயர்ந்து பெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, பெஞ்சில் யாருமில்லை. கூரை தேறினால் பழுது பார்ப்பது, தேறாவிட்டால் இடிப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. இடித்தால் தேவதாசனுக்குப் போக்கிடம் இல்லை.

சோதிக்க வந்த இன்ஜினியர் மாதுரி சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். எங்கு தட்டினாலும் பொத் பொத்தென்றது. ஓரிடத்தில் கொத்திப் பார்த்தாள். கம்பி துருவாய் உதிர்ந்தது.

"மாடியில தண்ணி தேங்குதா அண்ணாச்சி?"

"நான்தாம்மா நிறுத்துதேன். ஒரு கோடை விட்டதில்ல."

மாதுரி உதிர்ந்த துருவை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "போட்ட புதுசுல மூணு வாரம் ஊத்தினாப் போதும். அதுக்கப்புறம் வெடிப்பு வழியா இறங்கி, கம்பியத்தான் அரிக்கும்."

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு வாசல் முகப்பின் சின்னக் கூரையைக் காட்டினார். "இதையும் ஒரு தட்டு தட்டிருங்க."

ணங்கென்று கேட்டது.

"இங்க ஊத்தலையா?"

"அதுக்குப் படி கெடையாது. ஏணியில வாளி தூக்க ஏலல. விட்டுட்டேன்."

அறிக்கையில் மாதுரி 'நீர்க்கசிவு' என்று மட்டும் எழுதினாள். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. மகளிடம் போனில், "பழைய கட்டடம்லா, இடிக்காவ" என்றார்.

இப்போது முகப்பு மட்டும் நிற்கிறது. இடிபாடு அள்ளி முடியும்வரை அவரைக் காவலுக்கு இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் எங்கே என்று அவர் சொல்லவில்லை.

நேற்று நான் போனபோது முகப்பின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். தூறல் விழுந்ததும் எழுந்து வெளியே போய் முகப்பை அண்ணாந்து பார்த்து நின்றார்.

"நனையாதிய அண்ணாச்சி, உள்ள வாங்க" என்றேன்.

"இரும்மா," என்றார். "தண்ணி தேங்காம வடியுதான்னு பாக்கேன்."